சைட்கார் மாட்டுன புல்லட்டோட இழுவை எங்க போச்சு? சுவாமிமலை பக்கம் பாத்த ஒரு கேஸ்

வண்டி 1974 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது கால்ல கியர் இடது கால்ல பிரேக்குன்னு இருக்குற பழைய செட்டப். சுவாமிமலைக்குப் பக்கத்து ஊர்ல விவசாயம் பாக்குற ஒரு அண்ணனோடது, அவங்க அப்பா காலத்துலேர்ந்து அதே வீட்டு திண்ணையோரம் நிக்கிற வண்டி. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சு போயி பின்னாடி உக்கார முடியல, மாசாமாசம் தஞ்சாவூருக்கு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போவணும், அதனால பழைய சைட்கார் (தனிச் சக்கரத்தோட வண்டி பக்கத்துல மாட்டுற, ஆள் உக்கார்ற தொட்டி) ஒண்ணு வாங்கி ஒரு வெல்டிங் பட்டறையில குடுத்து இடது பக்கம் மாட்டிட்டாரு. மாட்டுன நாள்லேர்ந்து கம்ப்ளைண்ட் தான். சோலோவா ஓடுனப்ப லிட்டருக்கு 33, 34 குடுத்த வண்டி 18க்கு எறங்கிடுச்சு, டாப் கியர்ல 45 தாண்டுனாலே திணறுது, பாலம் ஏறும்போது ரெண்டாவது கியருக்கு வரவேண்டியிருக்கு, புகை வெளிய போற பெண்ட் பைப் நீலமா மாறிடுச்சு, தஞ்சாவூர் போயிட்டு வந்தா அண்ணனுக்கு ரெண்டு தோளும் தூக்க முடியல. கடைசியா பாத்த மெக்கானிக் "போர் தேய்ஞ்சிடுச்சுண்ணே, ரீபோர் பண்ணி புது பிஸ்டன் போட்டுடலாம்"னு சொல்லி அதாவது பிஸ்டன் ஓடுற துளையைக் கடைஞ்சு பெருசாக்க, ஹெட்டு கழட்ட நாள் குறிச்சிட்டாரு. அந்த நேரத்துல தான் வண்டி என் கண்ணுக்கு வந்துச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், சைட்கார் மாட்டுனா இழுவை குறையத்தான் செய்யும், அதுல ஒரு பங்கு திரும்ப வரவே வராது. ஆனா நம்ம ஆளுங்க மொத்த குறையையும் அந்தக் கணக்குலயே எழுதிட்டு "சைட்கார்னா அப்படித்தான்"னு விட்டுடுறாங்க, இல்லன்னா இன்ஜின் மேல பழியைப் போட்டு பிரிச்சுடுறாங்க. இந்த வண்டியில போன இழுவையில கிட்டத்தட்ட பாதியைத் தின்னது சைட்கார் இல்ல, அதை மாட்டுன விதம்.

வராத பங்கு எவ்வளவுன்னு பாப்போம். இன்ஜின் 346 சிசி, போர் 70 மில்லி, ஸ்ட்ரோக் 90 மில்லி, புதுசுலயே 18 குதிரைத்திறன் கிட்டத்தான். வண்டி வெயிட்டு சுமாரா 165 கிலோ, ஓட்டுறவரு 70, ஆக 235. சைட்காரை கழட்டி ரைஸ் மில் தராசுல ஏத்துனோம், சேசிஸ், தொட்டி, சக்கரம் எல்லாம் சேத்து 92 கிலோ. அம்மா 55, அவங்க பை, தண்ணி, குடைன்னு ஒரு 10 வச்சுக்கோங்க, மொத்தம் 392. ஒரு குதிரைத்திறன் முன்னாடி 13 கிலோவ இழுத்துச்சு, இப்ப கிட்டத்தட்ட 22 கிலோவ இழுக்கணும். இது போக காத்து, தொட்டியோட மூஞ்சி முழுசும் காத்துல முட்டுது, அதுவும் வண்டிக்கு நடுவுல முட்டாம இடது ஓரத்துல முட்டுது. இந்த ரெண்டுக்கும் மருந்து கிடையாது, பிக்கப் குறையும், சோலோவுல போன வேகம் போவாது, பெட்ரோல் கூட குடிக்கும். ஆனா 34லேர்ந்து 18ங்கறது இந்தக் கணக்குக்கு ரொம்ப அதிகம்.

இன்ஜினைப் பாத்தோம். டீகம்ப்ரஸர் (கிக் அடிக்க லேசா இருக்க அழுத்தத்தை வெளிய விடுற லீவர்) இழுக்காம பிஸ்டனை கம்ப்ரஷனுக்குக் கொண்டுவந்து கிக்கர் மேல முழு வெயிட்டோட ஏறி நின்னா, நல்ல புல்லட்டா இருந்தா ஆளை அப்படியே தாங்கி மெதுவா எறக்கும். இது தாங்குச்சு. காலையில குளிர் ஸ்டார்ட்லயும் நீலப்புகை இல்ல, ஆயில் குறையுறதும் இல்லன்னு அண்ணன் சொன்னாரு. இப்படி இருக்குற இன்ஜினை ரீபோர் பண்ணச் சொல்றது எனக்கு ஆறவே இல்ல, ஒரு காஸ்ட் அயர்ன் பிளாக்கை எத்தனை தடவை தான் கடைய முடியும், ஒவ்வொரு கடைசலும் அதோட ஆயுசுல ஒரு துண்டு.

பிளக்கு வெள்ளையா இருந்துச்சு, பாயிண்ட் (திறக்கும்போது பிளக்குல பொறி வர வைக்கிற சுவிட்ச்) மூடியைத் திறந்து டைமிங், அதாவது பொறி வர்ற நேரம், பாத்தா நல்லா பின்னாடி தள்ளி வச்சிருக்காங்க. 350க்கு பாயிண்ட் கேப் 0.35லேர்ந்து 0.40 மில்லி, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லி கீழ இருக்கும்போது பாயிண்ட் திறக்கணும், இதுல உச்சியிலயே திறக்குது. ஏன் இப்படின்னு அண்ணன்கிட்ட கேட்டு கேட்டுத்தான் கதை வெளிய வந்துச்சு. சைட்கார் மாட்டுன புதுசுல டாப் கியர்ல மெதுவா போகும்போது உள்ள டக்கு டக்குனு தட்டுச்சாம், ஒரு ஷெட்டுல டைமிங்கை குறைச்சுக் குடுத்தாங்களாம், சத்தம் நின்னுச்சு. சத்தம் மட்டும் தான் நின்னுச்சு. தீ லேட்டா பத்துனா எரியிற சூட்டுல நிறைய பிஸ்டனைத் தள்ளாம பெண்ட் பைப்புக்குள்ள போயிடும், அதான் பைப் நீலம், அதான் பெட்ரோல், அதான் பலம் இல்லாம போனது. அப்புறம் பலம் இல்லன்னு இன்னும் முறுக்குறாரு, இன்னும் சூடாவுது, அடுத்த ஷெட்டுல ரீபோர்னு சொல்றாங்க. தட்டுனதுக்குக் காரணம் டைமிங்கே இல்ல, சோலோ கியர்ல 390 கிலோவ கம்மி சுத்துல இழுக்க வச்சது தான்.

டைமிங்கை சரி பண்ணி சைட்கார் இல்லாம அண்ணன் கும்பகோணம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. "தம்பி, அப்பா ஓட்டுன வண்டி இது"ன்னாரு. இன்ஜின்ல குத்தம் இல்லங்கறது அத்தோட முடிஞ்சுது.

அடுத்தது தான் முக்கியமான வேலை. சைட்கார் அலைன்மெண்ட் பாக்க சமதரை வேணும், டெல்டாவுல அதுக்குப் பஞ்சமில்ல, ஊர்ல நெல் காயப்போடுற சிமெண்டு களம் இருக்கு. ஆனா களம் மழைத்தண்ணி ஓடறதுக்கு லேசா சரிவு குடுத்து போட்டிருப்பாங்க, கண்ணுக்குத் தெரியாது, அதனால கொத்தனார்கிட்ட டியூப் லெவல் வாங்கி ரெண்டு சக்கரம் நிக்கிற இடத்தையும் மூணாவது சக்கரம் நிக்கிற இடத்தையும் பாத்து, தாழ்ந்த இடத்துல தகரத் துண்டு வச்சு மட்டம் பண்ணோம். அவர்கிட்டயே தூக்குக்குண்டும் ரெண்டு நீள மட்டப்பலகையும் வாங்கிக்கிட்டோம். ஒரு பலகையை புல்லட்டோட முன் பின் சக்கரத்தை ஒட்டி, இன்னொண்ணு சைட்கார் சக்கரத்தை ஒட்டி, ரெண்டு பலகைக்கும் நடுவுல பின்னாடி எவ்வளவு முன்னாடி எவ்வளவுன்னு டேப் வச்சு அளந்தா போதும், லேசர் கீசர் ஒண்ணும் வேணாம். அளக்கும்போது அம்மாவையே தொட்டியில உக்கார வச்சு, அண்ணனை சீட்ல உக்கார வச்சுத்தான் அளந்தோம், காலி வண்டியில எடுத்த அளவுக்கு மதிப்பு கிடையாது.

முன்பக்கம் பின்பக்கத்தை விட 45 மில்லி குறுகல். இதைத்தான் டோ-இன்னு சொல்றது, சைட்கார் சக்கரம் நேரா பாக்காம லேசா வண்டியைப் பாத்து உள்ள திரும்பியிருக்கணும், ஏன்னா சைட்கார் ஓரமா இருந்து பின்னாடி இழுக்குறதால வண்டி இடது பக்கம் போகப் பாக்கும், அதை சரிக்கட்ட. இந்த சைஸ் வண்டிக்கு 12லேர்ந்து 20 மில்லி போதும். 45ன்னா என்ன ஆவும்னு கணக்குப் போட்டுப் பாருங்க, புல்லட்டோட வீல்பேஸ் 1370 மில்லி, அந்த நீளத்துல 45 மில்லி விலகல்னா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 33 மீட்டர் டயர் உருளாம பக்கவாட்டுல தேய்ஞ்சுகிட்டே வருது. சுவாமிமலையிலேர்ந்து தஞ்சாவூர் போயிட்டு வர்ற தூரத்துக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ரப்பரை ரோட்ல அரைச்சுக்கிட்டே போயிருக்காரு, அரைக்கிறதுக்கான பெட்ரோலும் அவரு தான் ஊத்தணும். ஜோடியில ஒரு மாடு வரப்பைப் பாத்து இழுக்க மத்த மாடு அதையும் சேத்து இழுத்து உழவ முடிக்கிற மாதிரி தான். சைட்கார் டயரைக் கையால தடவுனாலே தெரிஞ்சுது, ஒரு பக்கமா தடவுனா வழவழன்னு இருக்கு, எதிர்ப்பக்கமா தடவுனா பல்லு பல்லா கையில கிழிக்குது. களத்துல நியூட்ரல்ல தள்ளிப் பாத்தோம், ரெண்டு பேரு மூச்சுப்புடிச்சுத் தள்ளணும்.

சரி யாராச்சும் 45 வைப்பாங்களா, ஏன் வச்சாங்கன்னு பாத்தப்ப தான் அடுத்த காரணம். தூக்குக்குண்டை ஹெட்லைட் நடுவுலேர்ந்து தொங்கவிட்டா வண்டி சைட்கார் பக்கம் சாஞ்சு நிக்குது. அது தப்பு. வண்டி சைட்காரை விட்டு வெளிப்பக்கமா, வலதுபக்கமா, ஒரு டிகிரி ஒன்றரை டிகிரி சாஞ்சு நிக்கணும், ஹேண்டில்பார் உயரத்துல ஒரு இஞ்சு கிட்ட வரும். பட்டறையில காலித்தொட்டியோட, சீட்ல ஆள் இல்லாம, நட்டுக்க நேரா வச்சு, சைட்காரை வண்டியோட புடிச்சிருக்குற மேல் கம்பிகளை டைட் பண்ணியிருக்காங்க, ஆளுங்க ஏறுனதும் ஸ்பிரிங் அமுங்கி வண்டி உள்பக்கம் சாஞ்சிடுச்சு. உள்ள சாஞ்ச வண்டி இடது பக்கம் ஓடும். அது போதாதுன்னு நம்ம ஊரு ரோடு, கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம் வழியா காவிரிக்கரையை ஒட்டிப் போற ரோட்டைப் பாத்தவங்களுக்குத் தெரியும், குறுகலா, நடுவுல முதுகு தூக்கி ரெண்டு ஓரமும் சரிஞ்சு கெடக்கும், ஓரத்துல தாரு உடைஞ்சு மண்ணு, மண்ணுக்கு அந்தாண்ட ஆறோ வாய்க்காலோ. சோலோ வண்டிக்கு இந்த சரிவு ஒரு பொருட்டே இல்ல, உடம்பை லேசா சாச்சா போச்சு, மூணு சக்கரத்துல சாயவே முடியாது, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வண்டி எறங்கும், கையால இழுத்துப் புடிச்சுக்கிட்டே தான் போவணும். அண்ணன் "இடது பக்கம் வாய்க்காலைப் பாத்தே போவுது"ன்னு பட்டறையில சொல்ல, அவங்க டோ-இன்ன ஏத்த, கொஞ்சம் நின்னுருக்கு, மறுபடி சொல்ல, மறுபடி ஏத்த, அப்படித்தான் 45 வந்துச்சு. சாய்வுக்கு வைத்தியம் பண்ணாம திரும்பலைக் கூட்டிக் கூட்டி சமாளிச்சிருக்காங்க. அண்ணனோட தோள்வலி இங்கேர்ந்து தான் வந்துச்சு.

இதையெல்லாம் விட என்னைப் பயமுறுத்துனது ஃபிரேம். இந்த புல்லட் ஃபிரேம் 1949ல இங்கிலாந்துல வந்த டிசைன், மெட்ராஸ்ல 1955லேர்ந்து அதைத்தான் போட்டாங்க, இதுல இன்ஜினுக்கு அடியில குழாயே கிடையாது. முன்னாடி ஹேண்டில் கழுத்துலேர்ந்து எறங்குற ஒத்தைக் குழாய் (டவுன் டியூப்) இன்ஜின் பிளேட்டோட முடிஞ்சிடும், அங்கேர்ந்து பின்பக்க ஃபிரேம் வரைக்கும் இன்ஜினோட கீழ்க்கூடான கிராங்க் கேஸ் தான் பாலம். சோலோவுக்கு இது அருமையான ஏற்பாடு. சைட்கார் குடுக்குற பக்கவாட்டு முறுக்கலை ஒத்தை டியூப்பும் அலுமினிய கிராங்க் கேஸும் தாங்கணும்னா கஷ்டம். பட்டறையில டவுன் டியூப்போட அடியில ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கி அதுல முன்கம்பியை மாட்டியிருந்தாங்க, கிளாம்பைக் கழட்டி பெயிண்ட்டை சுரண்டிப் பாத்தா குழாய் நசுங்கி, நசுங்குன ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அம்மா தொட்டியில இருக்கும்போது அது விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கவே முடியல. அந்த இடத்தை வெட்டி உள்ள ஸ்லீவ் குடுத்து வெல்டு பண்ணி, இன்ஜின் முன் பிளேட்டுலேர்ந்து சென்டர் ஸ்டாண்டு மவுண்டிங் வரைக்கும் அடியில ஒரு சப்-ஃபிரேம் செஞ்சு, கீழ ரெண்டு பாயிண்டையும் அதுல மாட்டுனோம். மேல ரெண்டு கம்பிக்கும் லேத்துல கடைஞ்ச திருகு முனை, அப்பத்தான் சாய்வைத் திருகியே மாத்த முடியும். இந்த வண்டிக்கு நான் செலவு பண்ணச் சொன்ன காசுல பெரும்பங்கு இதுக்குத்தான் போச்சு, அதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல.

கியருக்கு வருவோம். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் 17 பல்லு, பின்னாடி 38. 16 பல்லு மாத்துனோம், ரேஷியோ 2.24லேர்ந்து 2.38க்குப் போவுது, ஆறு சதவீதம் சொச்சம் இழுவை கூடும், 50ல போகும்போது சுத்து சுமாரா 2050லேர்ந்து 2180க்கு ஏறும். கேக்க சின்ன விஷயம், ஆனா அந்த டக்கு டக்கு சத்தத்துக்கு உண்மையான மருந்து இது தான். அந்தக் காலத்துல இங்கிலாந்து கம்பெனிங்க பலதும் சைட்காருக்குன்னே தனி ரேஷியோ, கெட்டி ஸ்பிரிங்கெல்லாம் குடுத்தாங்க, நம்மூர்ல மாட்டும்போது இது பாதி பேருக்கு ஞாபகத்துக்கே வர்றதில்ல. ஒரு விஷயம், புல்லட்ல செயினும் கிளட்ச்சும் இடது பக்கம், முன் ஸ்ப்ராக்கெட்டைத் தொடணும்னா செயின் கேஸ் பிரிச்சு கிளட்ச்சையே எறக்கணும், சைட்காரும் அதே பக்கம் நிக்கும். அதனால ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட், செயின் இதெல்லாம் சைட்கார் மாட்டுறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. நல்ல வேளையா கிக்கரும் கியரும் வலது பக்கம், அதுக்கு இடைஞ்சல் இல்ல.

பிரேக்கைப் பத்தி யாரும் கேக்குறதே இல்ல, எல்லாரும் மைலேஜ் தான் கேக்குறாங்க. முறுக்குனா வண்டி இடது பக்கம் இழுக்கும், ஏன்னா சைட்கார் பின்தங்குது. பிரேக் புடிச்சா வலது பக்கம் இழுக்கும், ஏன்னா பிரேக் இல்லாத சைட்கார் முன்னாடி ஓடப் பாக்குது. நம்ம நாட்டுல வலது பக்கம்னா எதிர்ல வர்ற பஸ்ஸு. தை மாசம் ரோட்ல பாதிக்கு நெல்லைக் கொட்டிக் காயவச்சிருப்பாங்க, சுத்திப் போற இடத்துல ஒரு ஆடு குறுக்க வந்தா, பழைய ட்ரம் பிரேக், 390 கிலோ, வலது பக்கம் இழுவை, நினைச்சுப் பாருங்க. இந்த சைட்கார் சக்கரத்துல ஹப்புக்குள்ள பிரேக் ஷூ மாட்டுற இடம் இருந்துச்சு, யாரோ கழட்டிப் போட்டுட்டாங்க. பழைய புல்லட்ல பின் பிரேக் பெடல் இடது பக்கமே இருக்கறதால அதுலேர்ந்து ஒரு கேபிள் இழுத்து சைட்கார் பிரேக்கை சேக்குறது ரொம்ப சுலபம். சைட்கார் பிரேக் லேசா, பின் பிரேக்குக்குக் கொஞ்சம் பிந்தி புடிக்கிற மாதிரி வச்சோம், ரொம்ப புடிச்சா காலித்தொட்டியில சக்கரம் லாக் ஆவும்.

அம்மா இல்லாம தனியா போகும்போது இடது பக்கத் திருப்பம் தான் எமன். காலித்தொட்டியோட இடது பக்கம் வேகமாத் திரும்புனா சைட்கார் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும், தூக்குன பயத்துல ஹேண்டிலை வலது பக்கம் விட்டா சக்கரம் எறங்கிடும், ஆனா வண்டி எதிர்ப்பக்க ரோட்ல நிக்கும். தொட்டியோட அடியில ஒரு மணல் மூட்டை, 25 கிலோ, அசையாம கட்டியே வச்சிருக்காரு, அம்மா ஏறும்போது மட்டும் எறக்கிடுறாரு. களத்துலயே காலை நேரத்துல எட்டு வடிவத்துல சுத்தி சுத்தி ஓட்டி, எந்த வேகத்துல சக்கரம் தூக்குதுன்னு கைக்குத் தெரியிற வரைக்கும் பழகுனாரு. சோலோ ஓட்டுன பழக்கத்தை மறக்கத்தான் நேரம் ஆச்சு, இதுல சாய்ச்சுத் திருப்புற கதையே இல்ல, ஹேண்டிலை நேரா அந்தப் பக்கமே திருப்பணும்.

எல்லாம் முடிச்சு மாட்டுன அளவு இது: டோ-இன் 18 மில்லி, சாய்வு ஆள் ஏறுன பிறகு வெளிப்பக்கம் ஒரு இஞ்சு. ரோட்டு சரிவுக்கு ஏத்த மாதிரி பிறகு மேல் கம்பியை அரைச் சுத்து திருகிக்கிட்டாரு. சைட்கார் சக்கர அச்சு பின் சக்கர அச்சுக்கு முன்னாடி 200 மில்லியில நிக்கிறது முன்னயே சரியா இருந்துச்சு, அதைத் தொடல. களத்துல இப்ப ஒரு ஆளு ஒத்தைக் கையால தள்ளுறாரு. மைலேஜ் 25, 26ல நிக்குது, 34 திரும்ப வராதுன்னு அண்ணனுக்கும் தெரியும். 50, 55ல நிம்மதியா ஓடுது. திருவையாறு தஞ்சாவூர் ரோட்ல காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறுன்னு வரிசையா ஆறுங்க, டெல்டா தட்டையா இருக்குன்னு பேரு தான், ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு ஏத்தம், அதெல்லாம் இப்ப மூணாவது கியர்லயே ஏறிடுது. பெண்ட் பைப் நீலம் போகல, அது போகாது, ஆனா மேல ஏறல.

பேப்பர் விஷயம் சுருக்கமா. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல மோட்டார் சைக்கிள்னு சொல்ற விளக்கத்துலயே கழட்டக்கூடிய சைட்காரும் அடங்கும், அதனால சைட்கார்ங்கறதே சட்டவிரோதம்னு பயப்பட வேணாம், அதே நேரம் மாத்தம் பண்ணா ஆர்சியில ஏத்தணும், 52ஆவது பிரிவு அதைத்தான் பேசுது. ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு மாட்டுறது நல்லது, இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிடுங்க.

இன்னும் மீதி இருக்குறது ஃபோர்க் தான். 20, 25ல போகும்போது ஹேண்டில் லேசா ஆடுது, கெட்டியாப் புடிச்சா நிக்குது, இது சைட்கார் வண்டிகளுக்கு உள்ள குணம், சோலோவுக்கான ட்ரெயில் (ஸ்டீயரிங் அச்சோட கோடு தரையைத் தொடுற இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்) அதிகமா இருக்கறதால ஹேண்டிலும் கனமா இருக்கு. இப்போதைக்கு ஒரு ஸ்டீயரிங் டேம்பர் போட்டு ஆட்டத்தை அடக்கியிருக்கோம். ட்ரெயிலைக் குறைக்கணும்னா முன் அச்சை இன்னும் முன்னாடி கொண்டு போற மாதிரி ஃபோர்க் அடிக்கட்டையோ லீடிங் லிங்க் ஃபோர்க்கோ செய்யணும், ஹேண்டில் நல்லா லேசாயிடும், ஆனா அதுக்கப்புறம் சைட்காரைக் கழட்டி சோலோவா ஓட்டுனா வண்டி நிலையா நிக்காது. அண்ணனுக்கு வயலுக்கு சோலோவும் வேணும், அதனால தாளடி அறுப்பு முடியட்டும், பணம் கைக்கு வந்ததும் ரெண்டாவதா ஒரு ஃபோர்க் செட்டே சைட்காருக்குன்னு தனியா செஞ்சுக்கலாம்னு பேசி வச்சிருக்கோம். அதுவரைக்கும் சப்-ஃபிரேம் போல்ட்டு, வெல்டு, பின் சக்கரத்து போக்ஸ் கம்பி, இந்த மூணையும் ஒவ்வொரு தஞ்சாவூர் பயணத்துக்கு முன்னாடியும் கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் அம்மாவை ஏத்துறாரு.